முதலில் மருத்துவமனை, பிறகுதான் புகார்க் கடிதம்: கல்லூரிக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

எங்கள் கல்லூரியில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் ஆறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். அந்த ஆறு ஆண்டுகளில் பாதிக்கப்பட்ட மாணவி தானே முதலில் வந்து பேசியது மிகக் குறைவு. பெரும்பாலும் அறைத்தோழிதான் வருவாள். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு கதவோரம் நின்று, "மேம், ஒரு டவுட்... என் ஃபிரெண்டுக்கு" என்று தொடங்குவாள். சில வேளைகளில் அந்த ஃபிரெண்ட் அவளேதான்.

கேட்பதும் அநேகமாக ஒரே கேள்விதான்: "கம்ப்ளைன்ட் கொடுக்கணுமா?" அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, இப்போது அவள் பத்திரமாக இருக்கிறாளா என்று. இரண்டாவது, மருத்துவரைப் பார்த்தாளா. புகார் எழுத மூன்று மாதம் இருக்கிறது. சில தடுப்பு மருந்துகளைத் தொடங்க மூன்று நாள்தான். ஆனால் வளாகத்தில் எல்லாரும் முதலில் வாயைத் திறப்பது புகாரைப் பற்றித்தான், அதுவும் கொடுக்க வேண்டாம் என்று.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இந்த ஆண்டு சேர்ந்திருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உங்களுக்காகவும் படிக்கலாம், தோழிக்காகவும் படித்து வைக்கலாம்.

முதல் சில மணி நேரம்

அவளை ஆபத்தில்லாத ஓர் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். விடுதி அறையே ஆபத்தில்லாத இடம் என்று நினைத்துவிட வேண்டாம். செய்தவன் அதே வளாகத்தில் இருந்தால் அது சரிவராது. உடனடி ஆபத்து என்றால் 112. அந்த அவசரம் இல்லை, ஆனால் யாரிடமாவது பேச வேண்டும், வழி தெரியவில்லை என்றால் 181. இந்த மகளிர் உதவி எண் இரவு பகல் என்றில்லாமல் இயங்குகிறது. தமிழில் பேசலாம்.

181-இல் பேசினால் உங்கள் மாவட்டத்து ஒருங்கிணைந்த சேவை மையத்துடன் இணைத்துவிடுவார்கள். 'சகி' மையம் என்று பெயர்ப்பலகை இருக்கும். மருத்துவ உதவி, மனநல ஆலோசனை, காவல்துறை, வழக்கறிஞர் என்று நான்கு இடத்துக்கு அலைய வேண்டியதை ஒரே இடத்தில் ஏற்பாடு செய்துதருவதுதான் இந்த மையத்தின் வேலை. விடுதிக்கும் போக முடியவில்லை, வீட்டுக்கும் போக முடியவில்லை என்றால் ஐந்து நாள் வரை அங்கேயே தங்கலாம். இது பல மாணவிகளுக்குத் தெரிவதே இல்லை.

கூட இருப்பவர்கள் செய்யக் கூடாதவை சில உண்டு. "அந்த நேரத்துல அங்க ஏன் போனே?" என்று கேட்காதீர்கள். நடந்ததை முழுக்கச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், காவல் நிலையத்திலும் குழுவிலும் அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிவரும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி கூடப் போடாதீர்கள். அவனை அடிக்க ஆள் சேர்க்காதீர்கள். அப்புறம் வழக்கு உங்கள் மேல்தான் வரும். "நீ சொல்றத நம்புறேன். என்ன செய்யணும்னு நீ சொல்லு, நான் கூட இருக்கேன்" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் ஆறுதல் தேடி மெனக்கெட வேண்டாம்.

துணி விஷயம். உடம்பில் தொடுதல், வன்புணர்வு நடந்திருந்தால், குளிக்காமல் துணி மாற்றாமல் மருத்துவமனைக்குப் போக முடிந்தால் நல்லது. மாற்றிவிட்டால் அந்தத் துணியைத் துவைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பாலிதீன் பை வேண்டவே வேண்டாம். ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடித்து, சோதனைக்குப் பயன்படாமல் போய்விடும். துணிக்கடையில் கொடுக்கிற புதுக் காகிதப் பை போதும். ஏற்கெனவே குளித்தாயிற்று, துவைத்தாயிற்று என்றால் பதற வேண்டாம். அப்படி வந்தவர்களின் வழக்குகளும் நின்றிருக்கின்றன. "எல்லாம் போச்சு" என்று மருத்துவமனைக்கே போகாமல் இருந்துவிடுவதுதான் தவறு.

மருத்துவமனையில்

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். கருத்தடைக்கான அவசர மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். நம் ஊர் மருந்துக் கடைகளில் அந்த மாத்திரை பெரும்பாலும் கிடைக்காது, கேட்பவரை மேலும் கீழும் பார்ப்பதோடு சரி. கடை கடையாக ஏறி இறங்கி நேரத்தைத் தொலைக்காமல் நேரே மருத்துவரிடம் கேளுங்கள். டெட்டனஸ், ஹெப்படைட்டிஸ்-பி ஊசிகளும் அப்போதே போடுவார்கள். பிறகு மறுபரிசோதனைக்கு வரச் சொல்வார்கள், அதை விட்டுவிடாதீர்கள். கர்ப்பம் தெரியவந்தால், வன்புணர்வுக்கு ஆளானவர்கள் 24 வாரம் வரை கலைத்துக்கொள்ள 2021-இல் திருத்தப்பட்ட சட்டம் இடம் தருகிறது.

தடயம் சேகரிப்பதற்கு உள்ள அவகாசம் சற்றுக் கூடுதல். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல்படி 96 மணி நேரம், அதாவது நான்கு நாள் வரை மாதிரிகள் எடுக்கலாம்.

கேஷுவால்டியில் நீங்கள் அதிகம் கேட்கப்போகும் வாக்கியம்: "போலீஸ் மெமோ வாங்கிட்டு வாங்க." வாங்க வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். இல்லாமலேயே சிகிச்சை தர வேண்டும், பரிசோதனையும் செய்ய வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-ஆவது பிரிவு, அரசு மருத்துவமனை தனியார் மருத்துவமனை என்ற வித்தியாசம் இல்லாமல் இலவச முதலுதவியும் சிகிச்சையும் தரச் சொல்கிறது. மறுத்தால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். இந்தப் பிரிவு எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் டியூட்டி டாக்டரிடம் கேளுங்கள். எண்ணைச் சொன்னால் பேச்சின் தொனியே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லும். அது அவர்கள் கடமை. அதற்காக நீங்கள் வாக்குமூலம் கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. "இப்போதைக்குப் புகார் தர விரும்பவில்லை" என்று சொன்னால் அதை எழுதி வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக உங்கள் சம்மதம் கேட்பார்கள். சிலவற்றுக்குச் சரி, சிலவற்றுக்கு முடியாது என்று சொல்லலாம். நம்பிக்கையான ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ளலாம். 'இரு விரல் சோதனை' (பிறப்புறுப்புக்குள் விரல் விட்டுப் பார்ப்பது) என்று யாராவது தொடங்கினால் தடுத்துவிடுங்கள். அதை உச்ச நீதிமன்றம் 2013-லேயே கண்டித்தது. 2022-இல், செய்கிறவர் ஒழுங்கீனக் குற்றத்துக்கு உள்ளாவார் என்றே சொல்லிவிட்டது. வெளியே வரும்போது ஏ.ஆர். நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதும் அந்த ஒரு தாள் பின்னால் பல இடங்களில் கைகொடுக்கும்.

இந்த இடத்தில் முதலாண்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உங்களில் சிலருக்கு இன்னும் 18 நிறையவில்லை. அப்படியானால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்துவிடும். அதன்படி, விஷயம் தெரிந்த ஆசிரியரோ வார்டனோ மருத்துவரோ காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று 17 வயதுப் பெண்ணுக்கு எந்த ஆசிரியராலும் வாக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் அது பொய் வாக்கு.

18 நிறைந்தவர்களுக்கு இது நேர்மாறு. வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் மருத்துவமும் பார்க்கலாம், புகாரும் தரலாம். "அப்பாவைக் கூட்டிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்பது சட்டம் இல்லை, வழக்கம்.

ஐ.சி. என்கிற குழு

உள்ளகப் புகார்க் குழுவை வளாகத்தில் ஐ.சி. என்பார்கள், பழைய ஆட்கள் ஐ.சி.சி. என்பார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைகளும் சேர்ந்து இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. தலைவர் மூத்த பேராசிரியையாக இருக்க வேண்டும். பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஒரு தொண்டு நிறுவன உறுப்பினர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்களும் உட்கார வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்றவர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது. எங்கள் குழுவில் மாணவர் பிரதிநிதி நாற்காலி நெடுநாள் காலியாகவே கிடந்தது. தேர்தல் வைக்க நேரமில்லை என்றார்கள். அப்படி இருந்தால் கேளுங்கள்.

வகுப்பில் கிண்டல், ஆபாசச் செய்தி, இன்டர்னல் மார்க்கைக் காட்டி மிரட்டுதல், ஆய்வு வழிகாட்டியின் 'தனியாக வா' அழைப்பு ஆகியவை எல்லாம் இங்கே வரும். உடல் மீதான வன்முறையும் வரும். கல்விச் சுற்றுலா, என்.எஸ்.எஸ். முகாம், கல்லூரிப் பேருந்து ஆகியவையும் வளாகத்தில் சேர்த்திதான்.

புகார் எழுத்தில் இருக்க வேண்டும். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். காரணம் சொன்னால் இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்ததிலிருந்து கணக்கு. உடலாலோ மனத்தாலோ எழுத முடியாத நிலையில் இருந்தால் தோழியோ உறவினரோ மனநல ஆலோசகரோ எழுதித் தரலாம்.

என் கைக்கு வந்த முதல் புகார் லாங் சைஸ் தாளில் எழுதப்பட்டிருந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள், 'மதிப்பிற்குரிய ஐயா', கடைசியில் 'ஆகவே ஐயா அவர்கள் அருள்கூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' விடுப்பு விண்ணப்பம் போல இருந்தது. நடந்தது என்ன என்பதற்கு இரண்டே வரி: 'அவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். மன உளைச்சலாக உள்ளது.' நான்கு மாதம் ஆய்வகத்தில் அனுபவித்ததை அந்த இரண்டு வரியில் அடக்கியிருந்தாள். அப்படி எழுதத்தான் பள்ளிக்கூடத்தில் நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். குழு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

தாழ்மை வேண்டாம். தேதி, நேரம், இடம் எழுதுங்கள். சரியான தேதி நினைவில்லை என்றால் 'இரண்டாம் இன்டர்னல் முடிந்த வாரம், வியாழக்கிழமை, ஆய்வகம் பூட்டுகிற நேரம்' என்று எழுதலாம். என்ன சொன்னான், என்ன செய்தான் என்பதை அவன் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், அது கெட்ட வார்த்தையாக இருந்தாலும். யார் பார்த்தார்கள், அன்றே யாரிடம் சொன்னீர்கள், என்ன செய்தி வந்தது என்பதைச் சேருங்கள். தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்துக்கு மாற்றும்போது பாதி விஷயம் நழுவிவிடுகிறது. நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். முடியாவிட்டால் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், அதில் தேதி தானாக விழும்.

பிறகு நடப்பது: 7 நாளுக்குள் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும். அவர் 10 நாளில் பதில் தர வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். அறிக்கை 10 நாளில், அதன் மேல் நிர்வாகத்தின் நடவடிக்கை 30 நாளில். முடிவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. மாணவன் மேல் குற்றம் உறுதியானால் இடைநீக்கம் முதல் நீக்கம் வரை செய்யலாம்.

இந்தத் தொண்ணூறு நாளை எப்படிக் கடப்பது என்பதுதான் உண்மையான கேள்வி, ஏனென்றால் தினமும் அதே வகுப்பு, அதே மெஸ். இதற்காகவே இடைக்கால நிவாரணம் என்று ஒன்று இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும் என்பதால் புகாரிலேயே ஒரு பத்தியாகக் கேட்டுவிடுங்கள். என் வகுப்பிலிருந்து அவனை மாற்றுங்கள். என் தேர்வுத்தாளையும் செய்முறை மதிப்பெண்ணையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். மூன்று மாதம் வரை விடுப்பும் வருகைப்பதிவுத் தளர்வும் தாருங்கள். மிரட்டல் இருந்தால் அவனை வளாகத்துக்குள் விடாதீர்கள். இவை எல்லாம் ஒழுங்குமுறைகளில் எழுதப்பட்டிருப்பவை. எவர் தயவும் அல்ல. எழுபத்தைந்து சதவீதம் வருகை இல்லாமல் போய்விடும் என்று பயந்தே எத்தனை பேர் வாய் மூடியிருக்கிறார்கள் தெரியுமா?

"பேசி முடிச்சுக்கலாம்மா" என்று குழுவே கேட்டால்? சமரசம் என்பது புகார் கொடுத்தவர் கேட்டால் மட்டும்தான். பணம் கைமாறுவது சமரசத்துக்கு அடிப்படையாக இருக்கவே கூடாது. "நிரூபிக்கலைன்னா உன்மேலதான் நடவடிக்கை" என்ற மிரட்டலும் வரும். நிரூபிக்க முடியாமல் போவது வேறு, வேண்டுமென்றே பொய்ப்புகார் தருவது வேறு என்று சட்டமே பிரித்துச் சொல்கிறது.

புகார் கல்லூரித் தலைமையின் மேலேயே என்றால் உள்ளகக் குழுவில் நியாயம் தேடுவது கஷ்டம். மாவட்ட அளவில் உள்ளூர் குழு ஒன்று இருக்கிறது, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

காவல் நிலையம்

குழுவுக்குப் போனால் போலீஸுக்குப் போகக் கூடாது என்றோ, போலீஸுக்குப் போனால் குழு விலகிக்கொள்ளும் என்றோ இல்லை. இரண்டும் தனித்தனி வழி, ஒரே நேரத்தில் போகலாம். வன்புணர்வுப் புகாருக்குக் காலக்கெடு இல்லை. இன்று முடியாவிட்டால் அடுத்த வருடமும் தரலாம், ஆனால் தள்ளத் தள்ள தடயம் குறையும்.

மகளிர் காவல் நிலையம்தான் என்றில்லை, எந்த நிலையத்திலும் தரலாம். "எங்க லிமிட் இல்ல" என்று சொல்ல முடியாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். பெண் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும். நீங்கள் சொல்லும் இடத்துக்கே வந்து வாக்குமூலம் வாங்கச் சொல்லலாம்.

நம் ஊரில் ஒரு பழக்கம்: மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கையில் சீல் வைத்த தாள் இருப்பதால் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்து மாணவி விடுதிக்குத் திரும்பிவிடுவாள். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான அடையாளம் மட்டும்தான். எஃப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள், அது இலவசம். போட மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத்தபாலில் எழுதுங்கள், சென்னை போன்ற நகரமென்றால் காவல் ஆணையருக்கு. அதிலும் நகரவில்லை என்றால் நீதித்துறை நடுவர் நீதிமன்றம்.

வழக்கறிஞருக்குச் செலவழிக்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தொலைபேசி 15100. இழப்பீடு கேட்பதும் அவர்கள் வழியாகத்தான். 2018 திட்டப்படி வன்புணர்வுக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை. வழக்கு முடியும் வரை காத்திருக்காமல் இடைக்காலத் தொகை கேட்கலாம்.

பெயர் வெளியே வந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பரில் நடந்த கொடுமையில் எஃப்.ஐ.ஆரே இணையத்தில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரவும் அரசுக்கு உத்தரவிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது, 30 ஆண்டுகள் குறைப்பே கிடையாது என்று. குற்றம் நடந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு. எல்லா வழக்கும் இந்த வேகத்தில் போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சிறைக்குரிய குற்றம். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்யும் வகுப்புத் தோழர்களுக்கும் அது பொருந்தும்.

கைப்பேசி

கோபத்தில் அவன் எண்ணை அழித்துவிடாதீர்கள், உரையாடலையும். எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தானே மறையும் செய்தி என்றால் இன்னொரு போனில் படம் பிடியுங்கள். அசல் செய்தி அசல் போனிலேயே இருக்கட்டும். படத்தை வைத்து மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள், ஒருமுறை அனுப்பினால் நிற்காது. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி உண்டு, அங்கே பெயர் சொல்லாமலும் பதியலாம். அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற இலவச வசதி இருக்கிறது. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது, அதன் எண்வடிவக் கைரேகை மட்டும் சமூக ஊடக நிறுவனங்களுக்குப் போகும்.

ஆண் மாணவர்கள், திருநங்கை, திருநம்பி மாணவர்கள்

மானியக் குழு ஒழுங்குமுறைகள் ஆண் மாணவர்களையும் மூன்றாம் பாலினத்தவரையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே ஐ.சி.க்கு நீங்களும் வரலாம். குற்றவியல் சட்டம் அந்த அளவுக்கு இல்லை. வன்புணர்வுப் பிரிவு பெண்களுக்கு மட்டும்தான். வயதுவந்த ஆண் என்றால் தாக்குதல், மிரட்டல் போன்ற பிரிவுகளில்தான் போக வேண்டியிருக்கிறது. திருநர்களுக்கு 2019 சட்டம் இருக்கிறது, பாலியல் வன்முறைக்கு அதிலுள்ள தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுதான். இது குறைதான், மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 72 மணி நேர மருந்து யாராக இருந்தாலும் ஒன்றே. ராகிங் என்ற பேரில் ஆடையை அவிழ்க்கச் சொன்னால் அதற்குத் தனி எண் உண்டு: 1800-180-5522.

மனத்துக்கு

நடந்த வாரத்தில் தைரியமாக இருந்தவர்கள் செமஸ்டர் தேர்வு நேரத்தில் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். தூக்கம் வராது, ஒரு வாசனை பட்டால் உடம்பு நடுங்கும், படித்தது நிற்காது. ஆறு மாதம் கழித்து வந்தாலும் அது அதனால் வருவதுதான். 14416-இல் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண்ணின் ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. கல்லூரி ஆலோசகரிடம் போவதானால் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: "நான் சொல்றது துறைக்குப் போகுமா?" பதில் மழுப்பலாக இருந்தால் வெளியே பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே யாரையாவது எழுப்புங்கள், அறைத்தோழி தூங்கினாலும்.

சேர்ந்த முதல் வாரத்தில்

ஐ.சி. உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். தேடிப் பிடித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்தால் போதாது, அந்த எண்ணுக்கு ஒருமுறை கூப்பிட்டும் பாருங்கள். எங்கள் பலகையில் இருந்த எண், ஓய்வுபெற்று மகன் வீட்டுக்குப் போய்விட்ட ஒரு பேராசிரியையுடையது. இரண்டு ஆண்டுகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் தினமும் அதைத் தாண்டித்தான் காப்பி குடிக்கப் போவோம், ஒருவரும் கவனிக்கவில்லை. முதலாண்டு மாணவி ஒருத்திதான் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "மேம், அவங்க கோயம்புத்தூர்ல இருக்காங்களாம்."